ஜிகர்தண்டா பெட்டியில் இன்சுலின்

எங்கள் பகுதியில் மருந்துக்கடை வைத்திருக்கிற மெடிக்கல் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். டாக்டர் சீட்டு இல்லாமல் போய் நின்று, "காய்ச்சலுக்கு ஏதாச்சும் குடுங்க" என்றால், "ஏதாச்சும்னு ஒரு மாத்திரையை இன்னும் கம்பெனிக்காரன் கண்டுபிடிக்கலண்ணே" என்பார். ஆன்டிபயாடிக்கில் இரண்டு மட்டும் வெட்டிக் கொடுங்கள் என்று கேட்டால், முழுதாக வாங்கி முழுதாகச் சாப்பிடு, இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்று திருப்பி அனுப்பிவிடுவார். இதனாலேயே பாதிப் பேர் அடுத்த தெருக் கடைக்குப் போவார்கள். தலைவலி, சளி என்றால் நானும் சத்தமில்லாமல் அங்கேதான் போவேன். மகளுக்கு இன்சுலின் வாங்க மட்டும் இவரிடம் வருவேன். அவரைவிட நான் வயதில் மூத்தவன். ஆனாலும் ஊரே அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கும் அவர் அக்காதான்.

என் மகளுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. வயதானவர்களுக்கு வருகிற, மாத்திரையில் அடங்குகிற சர்க்கரை இல்லை இது. அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதே கிடையாது. வேளாவேளைக்கு ஊசி போட்டால்தான் சாப்பிட முடியும், நடமாட முடியும். ஊசி தவறினால் ஒருநாள் தாங்குவதே கஷ்டம். இப்போது கல்லூரிக்குப் போகிறாள், ஸ்கூட்டி ஓட்டுகிறாள், என்னை எதிர்த்துப் பேசுகிறாள். எல்லாம் அந்த ஊசியின் புண்ணியத்தில்தான்.

நாங்கள் இருப்பது ஆனையூர் தாண்டி, கண்மாயை ஒட்டிப் போட்ட பிளாட்டுகளில். ஒட்டி என்று பத்திரத்தில்தான் இருக்கிறது. கண்மாய்க்குள்ளேயே வீட்டைக் கட்டிவிட்டு, வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று மனுக் கொடுக்கிற ஆட்கள் நாங்கள். அந்த வருஷ ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்ததும், நாங்கள் எழுதி வைத்திருந்த மனுவெல்லாம் பொய்யில்லை என்று ஆகிவிட்டது. காலையில் வாசலில் நின்ற தண்ணீர் மதியத்துக்குள் இடுப்பளவு வந்தது. கரண்ட் போனது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மெல்லச் சாய்ந்து, கதவு திறந்து, தக்காளி, தோசை மாவு, மகளின் இன்சுலின் குப்பிகள் எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டுவிட்டது. அவள் கைப்பையில் இருந்த ஒரு குப்பிதான் மிச்சம். அதிலும் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது.

நான் கிளார்க்காக வேலை பார்க்கிற மிஷன் பள்ளிக்கூடம் கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. சாவி என்னிடம் இருந்ததால் திறந்துவிட்டேன். மாடி ஹாலில் ஜனம் நிறைந்தது. எல்லோரும் பாய், பாத்திரம், ரேஷன் கார்டு என்று தூக்கிக்கொண்டு வந்தபோது, மெடிக்கல் அக்கா மட்டும் ஒரு டிராக்டரில் தன் கடையையே ஏற்றிக்கொண்டு வந்தார். அட்டைப்பெட்டிகள், இரண்டு மண்பானை, ஒரு சாக்கு மணல். பானையையும் மணலையும் பார்த்துவிட்டு, "பொங்கலுக்கு இன்னும் நாள் கெடக்கேக்கா" என்று நான் கிண்டல் அடித்தேன். அவர் பாட்டுக்குப் பெரிய பானைக்குள் சின்னப் பானையை இறக்கி, நடுவில் மணலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் மூடினார். பிறகு ஹாலில் இருந்த சர்க்கரை நோயாளிகளிடம் அவரவர் கையில் இருந்த குப்பியை வாங்கி உள்ளே வைத்தார். கையை விட்டுப் பார்த்தேன், குளிர்ச்சியாக இருந்தது. அதற்கப்புறம் நான் கிண்டல் அடிக்கவில்லை.

நிவாரணம் என்றால் சோறும் போர்வையும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த ஹாலில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, வெள்ளத்தில் வீட்டை விட்டு வருகிறவர்கள் முதலில் விட்டுவிட்டு வருவது மாத்திரையைத்தான். பிரஷர், வலிப்பு, ஆஸ்துமா என்று ஆளாளுக்கு ஒன்று இருந்தது. "சின்னதா, வெள்ளையா, நடுவுல கோடு போட்டுருக்கும்" என்று ஒரு பெரியவர் அடையாளம் சொன்னார். அக்கா உத்தேசமாக எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. "வெள்ளையா கோடு போட்டது ஆயிரம் இருக்குப்பா" என்று சொல்லி, அவருடைய டாக்டர் யார் என்று விசாரித்து, போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை. எங்கள் ஆபீசில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

டவுனில் இருந்து மருந்து நன்கொடை மூட்டை மூட்டையாக வந்தது. ஊரே வீட்டு அலமாரியைக் காலி செய்து அனுப்பியிருந்தது. பாதி வெட்டிய அட்டைகள், பெயர் கிழிந்தவை, மூடி ஒட்டிக்கொண்ட டானிக்குகள். கொண்டுவந்த இளவட்டங்கள் போட்டோ எடுக்க நின்றார்கள். அக்கா மூட்டையைப் பிரித்து, பெயரும் தேதியும் இல்லாததையெல்லாம் ஒதுக்கிக் குப்பைக்குத் தள்ளினார். ஒதுக்கியது போக ஒரு முறம் அளவுதான் தேறியது. பையன்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அடுத்த தடவை சேத்துப்புண்ணு களிம்பும் உப்பு சர்க்கரைப் பாக்கெட்டும் வாங்கியாங்கப்பா, கால் வைக்க எடமில்லாம வாங்கியாங்க" என்று அவர்களைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார். அதையும் சொன்ன மாதிரியே கொண்டுவந்தார்கள்.

இப்போது ஜிகர்தண்டாக்காரருக்கு வருகிறேன். எங்கள் வரிசையில் மூன்றாவது வீடு. டவுனுக்குள் ஜிகர்தண்டா கடை வைத்திருக்கிறார். என்னைவிடச் சின்னவர்தான், ஆனால் பார்க்கிற எல்லோரையும் போல என்னையும் மாப்ள என்றுதான் கூப்பிடுவார். அவர் கடைப் பக்கம் தண்ணீர் வரவில்லை, ஜெனரேட்டரும் ஓடியது. அதனால் முகாம் பிள்ளைகளுக்கு வந்த பால் பாக்கெட்டுகளைத் தன் கடை ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் கொண்டுவருகிற வேலையை அவரே கேட்டு எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அக்கா தன் கடை இன்சுலின் ஸ்டாக்கை ஒரு பெட்டியில் கட்டி அவரிடம் கொடுத்தார். கையில் புழங்குகிற குப்பிக்குப் பானை போதும், பிரிக்காத ஸ்டாக்குக்கு ஃபிரிட்ஜ்தான் வேண்டும் என்றார். மகளுக்கு மறுநாள் காலை வரைக்கும் கைக்குப்பியே வரும், புதுசை அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்றார். "பால் வைக்கிற ஃபிரிட்ஜ்ல வைங்க தம்பி" என்று தெளிவாகத்தான் சொன்னார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

மறுநாள் காலையில் மகள் தன் குப்பியில் இருந்த கடைசிச் சொட்டையும் உறிஞ்சிப் போட்டுக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்குப் போட ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டி வந்தால்தான் உண்டு. ஹாலில் இன்னும் சில பெரியவர்களும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். நான் ஜன்னலோரம் நின்று, தண்ணீரைத் தாண்டி டிராக்டர் வருகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வழியாக ஜிகர்தண்டாக்காரர் பால் பாக்கெட்டும் பெட்டியுமாக வந்து இறங்கினார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. என் மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பால் நெறைய வந்துருச்சுக்கா, ஃபிரிட்ஜ்ல எடமே இல்ல" என்று அவர் பெருமையாகச் சொன்னார். "அதுனால மருந்தைத் தூக்கி ஐஸ்கிரீம் பெட்டியில, நல்லா நடுவுல வச்சுட்டேன். ஜம்முனு இருந்துச்சு."

அக்கா பெட்டியைப் பிரித்து ஒரு குப்பியை எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்சுலினில் ஒரு வகை பால் மாதிரி இருக்கும், ஒரு வகை தண்ணீர் மாதிரி தெளிந்திருக்கும். அவர் எடுத்தது பால் வகை. குப்பியின் உள்பக்கம் முழுக்கத் திரிந்த பால் போலத் துணுக்கு துணுக்காக ஒட்டியிருந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் அப்படித்தான். எல்லாவற்றையும் வரிசையாக மேசைமேல் வைத்தார்.

"உறைஞ்சு உருகியிருக்குண்ணே. வீணாப் போச்சு" என்று என்னிடம் சொன்னார்.

என் மகளுடையது தெளிந்த வகை. அந்தக் குப்பிகளில் துணுக்கு எதுவும் இல்லை. பளிங்கு மாதிரி இருந்தன. நான் ஒன்றை எடுத்து நீட்டினேன். "இதப் பாருங்கக்கா. இது நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கிற மாதிரி இருக்கு. அம்புட்டுதான்" என்றார். "பால் மருந்து காட்டிக் குடுத்துருச்சு, இது காட்டிக் குடுக்கல. ரெண்டும் ஒரே பெட்டியிலதானே கெடந்துச்சு?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மதியத்துக்கு மருந்து இல்லாத பிள்ளையின் தகப்பன் நான். கண்ணுக்கு எதிரே மருந்து இருக்கிறது, தொடாதே என்கிறார். கொஞ்சமாவது வேலை செய்யாதா, சும்மா இருப்பதற்கு இது மேல் இல்லையா என்றெல்லாம் கத்தினேன். அவர் காதில் வாங்கிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்து, ஒவ்வொரு குப்பியாக மூடியை நெம்பி, மருந்தை ஒரு வாளியில் கவிழ்த்தார். தன் கடைச் சரக்கைத் தானே கவிழ்த்தார். குப்பிகள் இருந்த காலி அட்டைப்பெட்டிகளைத் தனியாக அடுக்கிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். ஓர் அட்டைப்பெட்டிக்குக் குப்பி இல்லை.

ஹாலைத் திரும்பிப் பார்த்தார். கோபக்காரர் ஆயிற்றே, இப்போது யாரையோ கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் நேராக வந்து, என் மகள் உட்கார்ந்திருந்த பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஒரு பாட்டிலு கொறையுது" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எடுத்தவங்களைத் திட்ட மாட்டேன். எனக்குப் பிள்ளை இருந்து இந்த நெலமையில இருந்தா நானும் எடுத்திருப்பேன். ஆனா ஒன்னு. அதைப் போட்டா ஊசி போட்டாச்சுன்னு நிம்மதியா இருந்துருவீங்க. உள்ள சுகரு அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே போகும். மருந்தே இல்லைன்னா பதறிப்போய் ஆசுபத்திரிக்காவது ஓடுவோம். மருந்து போட்டாச்சுன்னு நெனச்சுட்டா ஓட மாட்டோம். எனக்கு அதுதான் பயமா இருக்கு."

என் மனைவி எழுந்தாள். ஜெபமாலை வைக்கிற சின்னப் பையை அவிழ்த்து, அதற்குள் இருந்து குப்பியை எடுத்தாள். நான் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவள் எடுத்திருக்கிறாள். எனக்கே தெரியாது. "கையில ஒன்னும் இல்லாம உக்காந்திருக்க முடியலக்கா" என்றாள். அவள் அழுகிற ரகம் இல்லை. அன்று அழுதாள்.

அக்கா அந்தக் குப்பியை வாங்கி வாளியில் கவிழ்த்தார். என் மனைவியின் காலிக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். "சாயங்காலத்துக்குள்ள நான் கையில குடுக்கிறேன். முடியலைன்னா நானே டிராக்டர்ல ஏத்தி ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். டிராக்டர்காரருகிட்டச் சொல்லியாச்சு" என்றார்.

அந்த நேரத்தில் ஜிகர்தண்டாக்காரரைப் பார்க்கத்தான் பரிதாபமாக இருந்தது. பால் பாக்கெட்டுகளுக்கு நடுவே தலையைத் தொங்கப்போட்டு நின்றார். அக்கா நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அக்கா அவரிடம் போய், "நீங்க பாலைக் கெடாம கொண்டாந்ததுனாலதான தம்பி இத்தனை புள்ளைகளும் குடிச்சுச்சு. மொகத்தை இப்படி வச்சுக்கிட்டு நிக்காதீங்க. வண்டியில பெட்ரோல் இருக்கா?" என்றார். அவர் நிமிர்ந்தார்.

பள்ளிக்கூட மொட்டைமாடியில்தான் டவர் கிடைக்கும். அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு மேலே போனார், நானும் பின்னாலேயே போனேன். மெடிக்கல் கடைக்காரர்களுக்கு என்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. எந்தக் கடையில் எந்த மருந்து தீர்ந்தது, யாரிடம் இருக்கிறது என்று அன்றாடம் அதில்தான் பேசிக்கொள்வார்கள். தொழிலில் போட்டிக்காரர்கள், ஆனால் ஒரு கடையில் இல்லாததை இன்னொரு கடை கொடுத்துவிடும். அக்கா அதில் பேசிப் பதிவு போட்டார். "இன்சுலின் வேணும். ஆனா கரண்டே போகாத கடையில இருந்துதான் வேணும். கொஞ்ச நேரம்தான் போச்சுன்னு யாரும் சமாளிக்காதீங்க."

பதில்கள் வந்தன. எல்லாக் கடைக்காரர்களும் ஸ்டாக் இருக்கிறது என்றார்கள், எல்லோரும் ஒளிக்காமல் கரண்ட் போனதையும் சொன்னார்கள். செல்லூர்க் கடைக்காரர் ஒருவர், "ராத்திரி பூரா இல்லக்கா, நானே வெளிய எடுத்து வச்சுட்டேன், விக்கப் போறதில்ல" என்றார். எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. பின்னால் நினைத்துப் பார்க்கையில்தான் அந்த மனிதர்கள் மீது மதிப்பு கூடியது. கேட்டவளுக்குத் தெரியவா போகிறது என்று ஒருவர்கூட நினைக்கவில்லை.

கடைசியில் திருமங்கலத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. வயதான, கரகரத்த குரல். அங்கே கரண்ட் போகவே இல்லையாம். அக்காவுக்கு அவரை நேரில் தெரியாது, குழுவில் குரலாகத்தான் பழக்கம். "கண்டக்டர்கிட்டக் குடுத்துவிடுறேன்மா, பெரியார் பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்க" என்றார். எங்கள் பக்கத்தில் மருந்துப் பார்சல் பஸ்ஸில் வருவது புதிதில்லை.

"ஐஸு பாட்டில்ல படாமப் பாத்துக்கங்கண்ணே" என்றார் அக்கா.

"வீட்டம்மாவோட இட்லி ஹாட்பாக்ஸைப் பிடுங்கி வச்சிருக்கேன். வேட்டித் துணியில சுத்தி வைக்கிறேன். வச்சுட்டுக் கூப்பிடுறேன்."

நானும் ஜிகர்தண்டாக்காரரும் டிராக்டரில் தண்ணீரைத் தாண்டி, அந்தப் பக்கம் ரோட்டில் விட்டிருந்த அவருடைய வண்டியில் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். வழியெல்லாம் ரோட்டில் தண்ணீர், பஸ்கள் ஊர்ந்து வந்தன. திருமங்கலம் பஸ் ஒவ்வொன்றாக வரும்போதும் ஜிகர்தண்டாக்காரர் ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டு கேட்பார், இல்லை என்று இறங்குவார். அக்கா மகளின் சர்க்கரையைப் பார்த்துப் பார்த்து, மொட்டைமாடிக்கு ஏறி எனக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். ஏறிக்கொண்டுதான் இருந்தது. மகளின் டாக்டரிடம் பேசிவிட்டதாகவும், தண்ணீர் குடிக்க வைத்துக்கொண்டிருப்பதாகவும், வாந்தி வந்தால் உடனே கிளம்பிவிடுவதாகவும் சொன்னார். பயத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல், பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று டைம் கீப்பரோடு சண்டை போட்டேன்.

ஒரு பஸ் உள்ளே நுழையும்போதே கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "இன்சுலின் யாரு? இன்சுலின் யாரு?" என்று கூவினார். அவருடைய சீட்டில் ஒரு சிவப்பு ஹாட்பாக்ஸ் உட்கார்ந்திருந்தது. "என்ஜின் பக்கம் வைக்கக் கூடாது, குலுங்கக் கூடாதுன்னாரு. அதான் எஞ்சீட்டக் குடுத்துட்டேன்" என்றார். அவ்வளவு தூரமும் அவர் நின்றுகொண்டே வந்திருக்கிறார். நன்றி சொல்வதற்குள் டிக்கெட் டிக்கெட் என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

திரும்பும்போது ஹாட்பாக்ஸ் என் மடியில் இருந்தது. வண்டி ஓட்டிய ஜிகர்தண்டாக்காரர் பள்ளம் வரும்போதெல்லாம், "மாப்ள, தூக்கிப் பிடி, தூக்கிப் பிடி" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால், அக்கா அதையும் நம்பவில்லை. மூடியைத் திறந்தார், துணியைத் தொட்டுப் பார்த்தார், பால் குப்பி ஒன்றை உருட்டி வெளிச்சத்தில் பார்த்தார். துணுக்கில்லாமல் ஒரே சீராக இருந்தது. அதற்குப் பிறகுதான் தெளிந்த குப்பியை எடுத்தார். அதை என்னிடம் கொடுக்கவில்லை, என் மகளிடமும் கொடுக்கவில்லை. சொன்னபடி என் மனைவியின் கையில் வைத்தார். வெளிச்சம் மங்குவதற்குள் சர்க்கரை இறங்க ஆரம்பித்தது. மகள் பசிக்கிறது என்றாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவி, எல்லோரும் பழையபடி அடுத்த தெருக் கடைக்குப் போகத் தொடங்கினார்கள். நான் போவதில்லை. இப்போதெல்லாம் தலைவலிக்கும் அக்காவிடம்தான் போய்த் திட்டு வாங்குகிறேன்.

ஹாட்பாக்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று அக்கா நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார். ஒரு லீவு நாளில் மகள் ஸ்கூட்டியை எடுக்க, நான் பின்னால் உட்கார்ந்து திருமங்கலம் போனோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சின்னக் கடை. நரைத்த மீசை, கழுத்தில் கண்ணாடி தொங்கியது. ஹாட்பாக்ஸைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். என்னை வா என்று சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

"ஐஸு உருகியிருந்துச்சா, கட்டியா இருந்துச்சா?" என்றுதான் கேட்டார். "துணி நெகிழ்ந்திருந்துச்சா? பாட்டில்ல படலையே? அந்தம்மா நல்லா இருக்குன்னு சொல்லுச்சு. இருந்தாலும் இன்னொரு சுத்து சுத்தியிருக்கலாமோன்னு எனக்கு அதே நெனப்பு."

பாதி உருகியிருந்தது, துணி அப்படியே இருந்தது, குப்பியில் படவில்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டு தலையாட்டினார். அதற்கப்புறம்தான் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மருந்து யாருக்கு? பெரியாளா?"

"எனக்குத்தான் சார்" என்றாள் மகள்.

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கழுத்தில் கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு எதிர் டீக்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தம்பி, மூணு டீ. ஒன்னு சீனி இல்லாம."

"சீனி போடச் சொல்லுங்க சார்" என்றாள் அவள். "அதுக்கும் சேத்து ஊசி போட்டுக்குவேன். நீங்க குடுத்துவிட்ட மருந்து நல்லாத்தான் இருக்கு."